ஐஸ் ரூம் செங்கொடி

செங்கொடிக்குச் சினேகிதம் என்று சொல்லிக்கொள்ள அந்த யார்டில் ஒரு ஆள் கிடையாது. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. திருவொற்றியூரைத் தாண்டி மணலிக்குத் திரும்பும் சாலையோரம் இருந்தது அந்த கன்டெய்னர் யார்டு. துறைமுகத்துக்குப் போகும் சரக்கைப் பெட்டியில் அடைப்பதும், வந்த சரக்கைப் பிரித்து இறக்குவதும் அங்கே வேலை. அலுவலகத்தின் பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஓர் அறை; அதற்குள் பதினோரு சர்வர்கள், மூன்று ஏசி. அந்த அறைக்கு அவள்தான் பொறுப்பு. வெளியே தார் உருகுகிற வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, இவள் உள்ளே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்த அறைக்கு 'ஐஸ் ரூம்' என்று பேர் வைத்தார்கள். பிறகு அவள் பேருக்கு முன்னாலும் அதையே ஒட்டிவிட்டார்கள்.

பேரே அவளுக்குப் பாதி விரோதிகளைச் சம்பாதித்துக் கொடுத்தது. அப்பா புளியந்தோப்பில் மில் தொழிலாளி. மில்லை மூடுகிற வரைக்கும் சங்கம், சங்கம் என்று அலைந்த மனுஷன். மூத்தவளுக்கு மங்கை என்று வைத்தபோது அவர் இன்னும் சங்கத்தில் சேரவில்லை. இரண்டாவது பிறக்கும்போது சேர்ந்துவிட்டார். வேலைக்கு ஆள் எடுத்த அன்று யார்டு மேனேஜர் பொன்ராஜ் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "கொடி கிடி எல்லாம் இங்க பிடிக்கக் கூடாதும்மா" என்று சிரித்தார். "பேரு புடிக்கலன்னா கூப்டாதீங்க சார். வேலய மட்டும் குடுங்க" என்றாள் இவள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. கம்ப்யூட்டர் படித்த ஆள் எண்ணூர் சாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத காலம் என்பதால் வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த கசப்பு இரண்டு பேருக்கும் கடைசிவரை தீரவில்லை.

முதலில் ஒரே ஒரு சர்வர்தான் இருந்தது. பில்லிங்காரர்கள் தங்களுக்குத் தனியாக வேண்டுமென்று அடம்பிடித்து ஒன்று வாங்கினார்கள். அவர்களுக்கு வாங்கிவிட்டு எங்களுக்கு இல்லையா என்று கேட் ஆட்கள் ஒன்று வாங்கினார்கள். எடைமேடைக்கு ஒன்று, சுங்கத்துக்குச் செய்தி அனுப்ப ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று. இப்படியே பதினொன்றாயிற்று. ஒவ்வொரு துறையும் அதை 'எங்க பொட்டி' என்றுதான் சொல்லும். ஆயுத பூஜைக்கு அவரவர் பெட்டிக்கு அவரவர் வந்து சந்தனம், குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்தவன் பெட்டிக்கு ஒரு பொட்டு வைக்கமாட்டார்கள். கணக்குப் பிரிவுத் தலைவி புஷ்பவல்லி மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, தன் பெட்டி மேல் ஒரு முழம் மல்லி வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவாள். அந்தப் பூ காற்றுத் துவாரத்துக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்வது செங்கொடியின் வேலை.

இதெல்லாம் இருக்கட்டும். அவளுக்கு உண்மையான எதிரி வீட்டிலேயே இருந்தாள். அக்கா மங்கை. அம்மா போனபிறகு செங்கொடியை வளர்த்தவள். பாலிடெக்னிக் ஃபீஸ் முழுக்க கன்டெய்னர் கூலியிலிருந்து கட்டியவள். அதே யார்டில் பெண்கள் கோஷ்டிக்குத் தலைவி. இரண்டு பேரும் கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரே வீட்டில் இருந்தார்கள். மங்கை பேசாமல் இருந்து பழிவாங்குகிற ரகம் இல்லை. பேசியே கொல்லுகிற ரகம்.

கன்டெய்னர் என்றால் நாற்பதடி நீள இரும்புப் பெட்டி. ஒரு பக்கம்தான் கதவு. வெயிலில் கிடக்கிற அந்தப் பெட்டிக்குள் போய், அட்டைப் பெட்டிகளைத் தலைக்குமேல் அடுக்கிக்கொண்டே பின்னோக்கி வரவேண்டும். வாசலில் ப்ளோயர் என்கிற ஒரு பெரிய காற்றாடியை வைத்து உள்ளே காற்று அடிப்பார்கள். அது ஓடினால் மனுஷி உள்ளே நிற்கலாம். நின்றால் நிற்க முடியாது. செங்கொடி வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகிற அந்தச் சமயத்திலோ பகலில் கரண்ட் போவது சாப்பாட்டு நேரம் வருகிற மாதிரி வழக்கமாகிவிட்டது. யார்டில் இருந்தது ஒரே ஒரு ஜெனரேட்டர். அது அலுவலகத்தையும் கேட்டையும் ஐஸ் ரூமையும்தான் தாங்கும். ப்ளோயர்களுக்கு அதில் இடமில்லை. கரண்ட் போனால் காற்று போகும். வேலை மட்டும் நிற்காது, கப்பல் காத்திருக்காதாமே!

அப்படி ஒரு மத்தியானம்தான் மங்கை பெட்டிக்குள் மயங்கி விழுந்தாள். நான்கு பெண்கள் இழுத்துவந்து லாரி நிழலில் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். செங்கொடி ஓடிவந்து பார்த்தபோது அக்காவின் கண் மேலே செருகியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஐஸ் ரூமுக்குத் தூக்கிப் போகலாம் என்றாள். பொன்ராஜ் குறுக்கே நின்று, "தூசியோட யாரும் உள்ள போகக்கூடாது. கம்பெனி ரூல்" என்றார். ரூலை எழுதி அந்தக் கதவில் ஒட்டியவள் செங்கொடிதான்.

சாயங்காலம் வீட்டில் மங்கை தலையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"உன் பொட்டிங்களுக்கு மூணு ஏசி. எனக்கு ஒரு காத்தாடி இல்ல. நான் செத்தா அந்த ரூம்லயே போட்டு வெய்யிடீ. நாறாம கெடப்பேன்."

"நான் இன்னாக்கா பண்ணுவேன்? ஜெனரேட்டரு என் கையிலயா கீது?"

"ஒன் கையில இன்னாதான்டீ கீது? என் காசுல படிச்சிட்டு குளுருல குந்திக்கினுகீற. போ, ஸ்வெட்டர மாட்டிக்கினு தூங்கு."

சுருக்கென்று குத்தியது. ஏனென்றால் அது பொய் இல்லை. இத்தனை வருஷம் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவள், அந்த அறை எதற்கு இவ்வளவு கரண்ட் தின்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சர்வர் நின்றுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த கவலை. அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் தேசப்பனிடம் மின்னோட்டம் அளக்கிற கருவியை வாங்கிவந்து ஒவ்வொரு பெட்டியாக அளந்தாள். தேசப்பன் எர்ணாவூர்க் குப்பத்து ஆள். ஓய்வு பெறக் கொஞ்ச நாள்தான் பாக்கி. "இன்னாத்துக்கு கண்ணு இந்த வேல? பேஜாரு புடிச்ச பொட்டிங்க" என்றார்.

அளந்து முடித்தபோது அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. கேட் சர்வர் நாள் முழுக்கச் செய்கிற வேலை அதன் சக்தியில் பத்தில் ஒரு பங்கு தேறாது. மிச்ச நேரம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடந்தாலும் கரண்டை ஏறக்குறைய முழுசாகத் தின்கிறது. தின்றதெல்லாம் சூடாக வெளியே வருகிறது. அந்தச் சூட்டை விரட்ட ஏசி தன் பங்குக்குத் தின்கிறது. பதினொன்றுக்கும் இதே கதி. பதினோரு அடுப்பைப் பற்றவைத்து ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு டம்ளர் டீ போட்டுக்கொண்டு, வீடு அனலடிக்கிறதே என்று காற்றாடி வாங்கிப் போட்ட கூத்து. சரி, வேகமாவது இருந்ததா? அதுவும் இல்லை. எல்லாம் பழைய மிஷின்கள். கேட்டில் ஒரு சீட்டு அடித்து வருவதற்குள் டிரெய்லர் டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்து, பீடி பிடித்து, கேட்காரனைத் திட்டவும் செய்துவிட்டு வந்து ஏறலாம்.

மாற்றுவதற்கு வழி இல்லாமலும் இல்லை. தலைமை அலுவலகம் இரண்டு பெரிய புது மிஷின்களை வாங்கி அனுப்பி, எல்லாத் துறையையும் அதற்கு மாற்றச் சொல்லி உத்தரவும் போட்டிருந்தது. உத்தரவு வந்து வருஷம் இரண்டு ஆகியும் மிஷின்கள் அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. எங்களுக்கு மட்டும் என்றால் கொடு, இல்லையென்றால் எங்கள் பெட்டியே எங்களுக்குப் போதும் என்று ஒவ்வொரு துறையும் முறுக்கிக்கொண்டது. சண்டை வேண்டாமென்று பொன்ராஜ் ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டார். செங்கொடியும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தாள். இந்தக் கும்பலிடம் யார் போய் மல்லுக்கட்டுவது?

இப்போது மல்லுக்கட்டத் துணிந்தாள். காலையில் கூலிக்கு ஆள் எண்ணுகிற இடத்தில் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மங்கை பொன்ராஜை மறித்து ப்ளோயரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜெனரேட்டர் தாங்காதும்மா. பாதியை உன் தங்கச்சி ரூம்தான் திங்குது. என்னை ஏன் கேக்கிற, அவளைக் கேளு" என்றார் பொன்ராஜ்.

"நான் கொறச்சா சார்?" என்றாள் பின்னால் நின்ற செங்கொடி.

"என்னத்தக் குறைப்ப?"

"ரூம் இழுக்கிற கரண்ட. பாதிக்குப் பாதி."

பொன்ராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீ பாதி குறை. அன்னைக்கே ப்ளோயரை ஜெனரேட்டர்ல போடச் சொல்றேன். இத்தனை பேர் சாட்சி, போதுமா?"

"இவ பேச்சயும் நம்பாதீங்க, அவுரு பேச்சயும் நம்பாதீங்க. வாங்கடீ வேலைக்கு" என்று மங்கை கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

செங்கொடி துறைதுறையாக ஏறி இறங்கினாள். ஒரு பெரிய மிஷினுக்குள்ளேயே தனித்தனித் தடுப்புக் கட்டி, ஒவ்வொரு துறையின் சர்வரையும் அதனதன் தடுப்பில் குடிவைக்கிற மென்பொருள் வந்திருந்தது. ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. இரண்டு மிஷினில் ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். இதை எத்தனை விதமாகச் சொல்லியும் எவர் காதிலும் ஏறவில்லை. புஷ்பவல்லி கையிலிருந்த பேனாவை மேஜையில் விட்டெறிந்தாள்.

"எங்க கணக்க கொண்டுபோயி கேட்டுக்காரனுங்க பொட்டியில போடுவியா? டிரைவரு, கிளீனரு எல்லாம் கை வெக்கிற எடம் அது."

"கலக்காது மேடம். ஹவுசிங் போர்டு மாதிரி. கட்டடம் ஒண்ணு, கதவு தனித்தனி."

"ஹவுசிங் போர்டுல நீ இருப்ப. நான் சொந்த வூட்டுல கீறேன்."

வேறு ஒரு நாளாக இருந்தால் செங்கொடி அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பாள். வயிறு எரிந்ததோடு எழுந்து வந்துவிட்டாள். இனிமேல் இவர்களிடம் எதையும் கேட்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள். தலைமை அலுவலக உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை, அது போதும்.

அந்த உத்தரவைக் காட்டி ஸ்டோர் சாவியை வாங்கி, இரண்டு மிஷினையும் ஐஸ் ரூமுக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை ஆரம்பித்தாள். முதலில் கேட். சர்வரில் இருந்ததை அப்படியே புது மிஷினுக்குள் இறக்கி, பழைய பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள். திங்கட்கிழமை காலையில் கேட்டில் சீட்டு படபடவென்று விழுந்தது. சாலையில் வால் நீட்டிக்கொண்டு நின்ற டிரெய்லர்கள் கரைந்தன. யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னார்களா? கேட் கிளார்க் நேரே வந்து, வெற்றிலை துப்பக்கூட நேரமில்லாமல் சீட்டு வருகிறது, என்ன செய்து தொலைத்தாய் என்று சண்டை பிடித்தான். அடுத்து எடைமேடை, அடுத்து ஸ்டோர், கடைசியாகக் கணக்கு. யாருக்கும் தெரியாமல் பதினொன்றும் இரண்டுக்குள் போய்விட்டன.

இங்கேதான் அவள் ஒரு புத்திசாலித்தனம் செய்தாள், அல்லது செய்ததாக நினைத்துக்கொண்டாள். பெட்டியில் விளக்கு எரியவில்லை என்றால் துறைக்காரன் ஊரைக் கூட்டுவான். அதனால் பழைய பெட்டிகளின் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரு சின்ன அடாப்டரிலிருந்து கம்பி இழுத்து முன்பக்கத்துப் பச்சை விளக்குகளை மட்டும் மினுக்கவிட்டாள். பார்க்கிறவனுக்குப் பதினொன்றும் உயிரோடு இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. ஏசி இரண்டை நிறுத்தினாள். மிச்சமிருந்த ஒன்றிலும் குளிரைக் குறைத்து வைத்தாள். இத்தனை வருஷம் போட்டிருந்த அந்தக் குளிர் மிஷின்களுக்குத் தேவையே இல்லை என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஸ்வெட்டரை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அடுத்த முறை கரண்ட் போனபோது தேசப்பன் ஜெனரேட்டர் பேனலின் முள்ளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பாதின்ன நீ. இங்க கால்வாசிகூட இல்லியே கண்ணு! இன்னா பண்ண?"

"வயர இழு நைனா. ப்ளோயர் பாயின்ட்லேர்ந்து இங்க பேனலுக்கு."

பொன்ராஜால் மறுக்க முடியவில்லை. சாட்சி முப்பது பேர். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சரி என்றார். தேசப்பன் வயரை இழுத்துவந்து ஒரு ஸ்விட்சில் முடித்தார். ஸ்விட்சைப் போட உத்தரவு மறுநாள் வரவேண்டும். மங்கைகூட அன்று வீட்டில் திட்டாமல் சாப்பாடு போட்டாள். அது செங்கொடிக்குப் புதுசாகவும் பயமாகவும் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புஷ்பவல்லி மல்லியோடு வந்தாள். பெட்டி மேல் வைத்தாள். தொட்டாள். கையைத் தீப்பட்ட மாதிரி இழுத்துக்கொண்டாள்.

"ஐயய்யோ, ஜில்லுனு கீதே!"

எத்தனையோ வருஷமாக வெள்ளிக்கு வெள்ளி தொட்டவள். பெட்டி எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். விளக்கைப் பற்றி அத்தனை யோசித்த செங்கொடிக்கு, அதைத் தொட ஒருத்தி வருவாள் என்று தோன்றவில்லை. புஷ்பவல்லி போட்ட கூச்சலில் எல்லாத் துறைத் தலைவர்களும் ஓடிவந்தார்கள். மூடியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு அடாப்டரும் இரண்டு கம்பியும் இருந்தன.

"பொணத்துக்கு பவுடரு போட்டு குந்த வெச்சிகீறா! நான் பூ வெச்சி கும்புட்டுகினுகீறேன்!" புஷ்பவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அழுகை நடிப்பில்லை என்பது செங்கொடிக்கே தெரிந்தது.

"ஏமாத்தினேன் மேடம். ஒத்துக்கறேன். கேட்டுட்டு செஞ்சிருந்தா வுட்டுருப்பீங்களா? இந்த வாரம் பூரா உங்க பில்லு எவ்ளோ வேகமா வருது, அத்த யாருமே பாக்கலியா?"

"வேகம் கிடக்கட்டும்மா" என்று பொன்ராஜ் முன்னால் வந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "கம்பெனியை ஏமாத்திக் குறைச்ச கரண்ட், குறைச்சதா ஆகாது. நான் கொடுத்த வாக்கு நேர்மையான வேலைக்கு. தேசப்பா, ப்ளோயர் ஸ்விட்சைத் தொடாதே."

குறைச்சதாக ஆகாத அந்தக் கரண்டை அவர் வீணாக்கவில்லை. அடுத்த வாரமே கப்பல் கம்பெனிக்காரர்கள் வந்தால் உட்காரவைக்கிற புது ஹாலின் இரண்டு பெரிய ஏசிகளை ஜெனரேட்டரில் சேர்த்துவிட்டார். அட அல்பமே! மீதமிருந்த இடம் அதோடு தீர்ந்தது. ப்ளோயருக்கு இழுத்த வயர் பேனலில் சும்மா கிடந்தது.

மங்கை அன்று சாயங்காலம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"உன்ன நம்பி அத்தினி பொம்பளைங்களாண்ட சொல்லிட்டு வந்தேன். வயரு தொங்கிக்கினு கீது. அதுல துணி காய வெக்கட்டுமா?" என்றாள். பாயை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

கத்திரி வெயில் வந்தது. அன்று கப்பலுக்கு ஏறவேண்டிய சரக்கு மலையாகக் கிடந்தது. ஆறு பெட்டிகளில் பெண்கள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சோற்றை முடித்துவிட்டு அவர்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. ப்ளோயர்கள் ஒவ்வொன்றாகச் சுருதி இறங்கி நின்றன. ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. ஹாலில் வெளியூர் ஆட்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்ராஜ் யார்டுக்கு வந்து, "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க. சாயங்காலத்துக்குள்ள கேட்டைத் தாண்டணும்" என்று விரட்டிவிட்டுப் போனார்.

செங்கொடி அறை வாசலில் நின்று பார்த்தாள். ஒரு பெட்டிக்குள்ளிருந்து மங்கை வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மறுபடியும் உள்ளே போனாள். இன்றைக்கு விழுந்தால் எழுந்திருக்கமாட்டாள் என்று தோன்றியது. தோன்றியதுமே ஐஸ் ரூமுக்குள் போய், சர்வர்களுக்கான பேட்டரியைப் பார்த்தாள். பதினோரு பெட்டி இருந்த காலத்தில் ஜெனரேட்டர் எழுந்து நிற்பதற்குள் அந்த பேட்டரி மூச்சு வாங்கும். இப்போது இரண்டே மிஷின். இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்கும் என்று காட்டியது. அது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் இவ்வளவு நாள் தோன்றாமல் போயிற்று. ஐஸ் ரூமுக்கு ஜெனரேட்டரே வேண்டாம்! அதன் பங்கு முழுசும் சும்மா இருக்கிறது. ஆறு ப்ளோயருக்கு அது போதும்.

பேனலுக்கு ஓடினாள். தேசப்பன் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நைனா, ஐஸ் ரூம் லைன ஜெனரேட்டர்லேர்ந்து எடு. ப்ளோயர போடு."

"சாவடிக்காத கண்ணு. ரிட்டேராவ மூணு மாசம் கீது. என் வேல பூடும்."

"அப்ப நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

தேசப்பன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு உண்மையாகவே ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். செங்கொடி ஐஸ் ரூம் ஸ்விட்சைக் கீழே இழுத்தாள். ப்ளோயர் ஸ்விட்சை மேலே தள்ளினாள். யார்டில் ஆறு ப்ளோயரும் ஒரே நேரத்தில் இரைந்தன. பெட்டிகளுக்குள்ளிருந்து பெண்கள் போட்ட கூச்சல் இங்கேவரை கேட்டது.

பொன்ராஜுக்கும் கேட்டது. வேட்டி இடறுகிற மாதிரி ஓடிவந்தார், அவர் பேன்ட்தான் போட்டிருந்தார் என்றாலும்.

"யாரு போட்டது? யாரைக் கேட்டுப் போட்டே? சர்வர் நின்னா கம்பெனி கதி என்ன தெரியுமா?"

"நிக்கல சார். பேட்டரியில ஓடுது. கேட்டப் பாருங்க, வண்டி போய்க்கினுதான் கீது."

"ரூம் சூடாகி மிஷின் செத்தா?"

"நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன். பயமா இருந்தா உங்க ஹால் ஏசிய நிறுத்துங்க சார். ரெண்டும் ஓடும்."

பொன்ராஜ் முகம் சிவந்து, "தேசப்பா, பழையபடி மாத்து. இப்பவே" என்றார். தேசப்பன் எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மங்கை வந்துகொண்டிருந்தாள். அவள் பின்னால் கோஷ்டி மொத்தமும். தலையில் ஈரத்துண்டு, உடம்பெல்லாம் அட்டைத் தூசி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பேனலுக்கு முன்னால் நின்றார்கள்.

மங்கை பொன்ராஜைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எவ்ளோ நேரம் தாங்கும்டீ உன் பொட்டிங்க?" என்றாள் தங்கையிடம்.

"கரண்ட் வர்ற வரிக்கும்."

"பீலா வுடாத."

"ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல எனக்கே தெரியாது."

"அது போதும். நீ போயி உன் மிஷினப் பாரு. இந்த ஸ்விட்சு மேல எவன் கை வெக்கிறான்னு நாங்க பாத்துக்கறோம்."

"எல்லாரையும் வேலையை விட்டுத் தூக்கிடுவேன்" என்று பொன்ராஜ் கத்தினார்.

"தூக்கு. மீதி சரக்க யாரு அடுக்குவா, நீயா? போ சார், ஹால்ல ஆளுங்க ஒண்டியா குந்திக்கினுகீறாங்க."

பேனலுக்கு இரண்டு பெண்களைக் காவல் நிறுத்திவிட்டு மங்கை மற்றவர்களோடு பெட்டிகளுக்குத் திரும்பினாள். செங்கொடி ஐஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. சட்டை முதுகோடு ஒட்டியது. வெப்பமானியைப் பார்ப்பதும் மிஷின்களைப் பார்ப்பதுமாக நின்றாள். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி பாதிக்குமேல் இறங்கியிருந்தபோது கரண்ட் வந்துவிட்டது. கேட்டில் ஒரு சீட்டுகூடத் தவறவில்லை. ஆறு பெட்டியும் நேரத்துக்குத் துறைமுகம் போய்ச் சேர்ந்தன.

அன்று சாயங்காலமே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். காரணம் பொய்ப் பெட்டிகள். அதற்கு அவளிடம் எதிர்வாதம் இல்லை, செய்தது நிஜம்தானே. பெண்களில் ஒருத்தியையும் பொன்ராஜால் தொட முடியவில்லை, மறுநாளைக்கும் சரக்கு இருந்தது. ப்ளோயர் ஸ்விட்சையும் யாரும் கீழே இறக்கவில்லை. சாவியை ஒப்படைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது மங்கை கேட்டுக்கு வெளியே நின்றாள். இருவரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். செங்கொடி ஐஸ் ரூம் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பத்து வருஷம் தன்னுடையது என்று நினைத்த அறை அது.

"இத்த போன வருஷமே பண்ணியிருக்கக் கூடாதா, கய்தே?" என்றாள் மங்கை.

"போன வருஷம் பதினோரு பொட்டி இருந்திச்சிக்கா. பேட்டரி தாங்கியிருக்காது."

"அந்தப் பதினோரு பொட்டிய யாருடீ காவக் காத்துக்கினு இருந்தது?"

பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள்.